அமெரிக்கா வர மறுத்த கதையின் இரண்டாம் பாதி

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய பரமண்ணை,

நீங்கள் கண்ணை மூடி இருபத்தாறு நாளாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவு மலரைத் தொகுக்கும் வேலையை உங்கள் மகள் துளசி என்னிடம் தந்திருக்கிறாள். "குகன் மாமாதானே அப்பாவோட சேர்ந்து மகசின் செய்தவர்" என்றாள். என்னால் முடியாது, வேறு யாரையாவது கேள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தேவாரம் ஏற்றியாகிவிட்டது. வம்சாவளி, நன்றி நவிலல், உங்கள் படம் எல்லாம் சரி. நடுவில் சில பக்கங்கள் மட்டும் காலியாகக் கிடக்கின்றன. நாளை மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கங்களில் நான் உங்களைப் புகழ்ந்து எழுதுவேன் என்று துளசி நம்பிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் இந்த இலண்டன் செய்தியைச் சொல்கிறேன். டூட்டிங் கடையில் அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்று நீங்கள் உட்கார்ந்து எழும்பாமலே போன அந்த வாளி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. முதலாளி அதை எடுக்க விடவில்லையாம். துளசி இப்போது மேல்வீட்டு ஹெலனுடன் இருக்கிறாள். அந்த மனுஷி அவளுக்காக அரிசி அவிக்கப் பழகுகிறார், தினமும் களியாக்கி வைக்கிறாராம். ஊரிலேயே தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இந்தக் கிங்ஸ்பரியில் இப்போது அந்த அமெரிக்கக் கிழவிதான் துணை.

உங்கள் இறுதிச் சடங்குக்குப் பதினொரு பேர் வந்தோம். மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் இரண்டு தரம் வந்து, இன்னும் யாராவது வர இருக்கிறார்களா, கொஞ்சம் பொறுக்கவா என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும். அந்தப் பதினொரு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களை அறியாத சிலரும் இதை வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நம் சங்கத்துக்கு ஒரு மாதப் பத்திரிகை இருந்தது. பத்திரிகை என்றால் பன்னிரண்டு பக்கம், ரோனியோ மெஷினில் சுற்றி எடுப்பது. நான் ஆசிரியர், தட்டச்சுக்காரன், மை பூசுகிறவன் எல்லாம். கடைசி நாலு பக்கம் கோயில் அறிவித்தலும் கடை விளம்பரமும். எழுத்து நீண்டால் எங்கே இடம் முடிகிறதோ அங்கே நிறுத்தி "தொடரும்" என்று போட்டுவிடுவேன். ஊரில் வார இதழ்த் தொடர்கதை படித்து வளர்ந்த சனம், ஒருவரும் கோபித்ததில்லை. சமையல் குறிப்பைக்கூட ஒரு தரம் தாளிப்பதற்கு முன் நிறுத்தியிருக்கிறேன். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

நீங்கள் ஊரில் சரித்திர வாத்தியார், இங்கே கடையில் மூட்டை இறக்குகிறவர். ஓய்வு நாளில் நூல்நிலையத்தில் போய்க் குந்தியிருப்பீர்கள். அப்போது உங்கள் தலைக்குள் புகுந்திருந்தது ஒரே ஒரு விஷயம். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா சேரக் கூடாது என்று அந்த நாட்டிலேயே ஒரு பெரிய இயக்கம் நடந்ததே, அது. இலட்சக்கணக்கான சாதாரண சனம். வயல் செய்கிற கமக்காரர், மாணவர், பிள்ளை பெற்ற தாய்மார். இந்த இலண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த குளிர்காலத்தில் அங்கே அவர்கள் வீடு வீடாகப் போய், இது எங்கள் சண்டை இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீடுகள் எரிகிற நேரத்தில் இந்த மனிதருக்கு ஐம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்காக்காரன் என்ன நினைத்தான் என்ற ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டேன். நீங்கள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "தம்பி, நாங்கள் பெட்டிசம் கொண்டு ஒவ்வொரு எம்பசியாப் போறம். கதவைத் தட்ட எங்களுக்குத் தெரியும். உள்ளுக்கு இருக்கிறவன் ஏன் திறக்கிறான் இல்லை எண்டு எங்களில ஆருக்காவது தெரியுமே?"

அதைத்தான் எழுதினீர்கள். கடையில் சாமான் எழுதுகிற தாளின் பின்பக்கத்தில், நீல மையில், பதினான்கு தாள். முதல் ஏழில் அந்த இயக்கத்தவர்களின் நியாயத்தை அவர்கள் வாயாலேயே பேசினீர்கள். "நாங்கள்" என்றே எழுதினீர்கள். முதலாம் யுத்தத்தில் எங்கள் பிள்ளைகளைக் கொடுத்தோம், என்ன கண்டோம்? கடல் தாண்டி நடக்கிற சண்டைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை ஏன் சாக வேண்டும்? வாசித்தபோது எனக்கே அது நியாயமாகப் பட்டது. பிந்திய ஏழு தாளில்தான் நீங்கள் உங்கள் வாயால் பேசினீர்கள்.

தாள்களைத் தரும்போது என் தோளில் கை வைத்துச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "முழுசாப் போடு, இல்லாட்டிப் போடாதை. வெட்டினால் சனம் என்னை அவங்கள் எண்டு நினைச்சிடும்."

நான் வெட்டினேன் அண்ணை. அந்த மாதம் ஆண்டு விழாச் சாப்பாட்டு அறிவித்தலுக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்று சங்கத் தலைவர் கேட்டுவிட்டார். ஏழாம் தாளோடு இடம் முடிந்தது. வழக்கம்போல "தொடரும்" என்று அடித்து, ஸ்டென்சிலை மெஷினில் மாட்டினேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் போட்டால் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அதோடு நின்றிருந்தால் அதை ஒரு மடையன் விட்ட பிழை என்று சொல்லலாம். இனிச் சொல்லப்போவதுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபம், பிள்ளைகள் உட்காருகிற குட்டிக் கதிரைகள், வடை, தேத்தண்ணி. வெளிநாடுகள் தலையிட்டு யுத்தத்தை நிறுத்த வேண்டும் என்ற பெட்டிசம் மேசையில் இருந்தது. அதில் முதல் கையெழுத்து உங்களுடையது. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கிழமைதான் தலைவருடைய தங்கச்சியின் வீட்டில் ஷெல் விழுந்து அந்த மனுஷியும் போய்ச் சேர்ந்திருந்தார். தலைவர் பத்திரிகையை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"'இது எங்கள் சண்டை இல்லை. எங்கள் பிள்ளைகளை நாங்கள் அனுப்ப மாட்டோம்.' ஆர் எழுதினது இது? எங்கட சனம் சாகுது, ஒருத்தரும் வராதேங்கோ எண்டு எழுத எங்களுக்குள்ளயே ஒரு ஆளோ?"

நீங்கள் எழுந்தீர்கள். குரலை உயர்த்தவில்லை. "நான்தான் எழுதினது. அது என்ரை கதை இல்லை, அவையின்ரை கதை. மிச்சம் பாதி கிடக்கு, அதையும் வாசிச்சுப்போட்டு ஏசுங்கோ. தம்பியிட்டை இருக்கு." என்னைப் பார்த்தீர்கள்.

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது.

அந்த ஏழு தாளும் என் கைப்பைக்குள் இருந்தன. பை என் காலடியில் இருந்தது. குனிந்து எடுத்திருக்கலாம். என் சாந்தியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுக்கிற வழக்குக்குத் தலைவர்தான் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை மறுநாள் வாங்கப் போக வேண்டும். உங்களுக்காக வாய் திறந்தால் அந்தக் கடிதம் கிடைக்காது என்று என் மனம் கணக்குப் போட்டது. அவர் அப்படிச் செய்திருப்பாரா என்று இன்றைக்கும் தெரியாது. செய்திருக்க மாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது, அது இன்னும் கொடுமை.

"என்னட்டை ஒண்டும் இல்லை" என்றேன். "அண்ணை இவ்வளவுதான் தந்தவர்."

நீங்கள் என்னை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். காய்ச்சல் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தீர்கள். "சரி" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பெட்டிசத்தில் இருந்த உங்கள் கையெழுத்தைச் சிவப்பு மையால் வெட்டினார்கள். அடுத்த மாதம் பத்திரிகை வந்தது, அதில் உங்கள் எழுத்து இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சனம் உங்களைத் துரோகி என்றது, கடையில் உங்கள் கையால் சாமான் வாங்காமல் முதலாளியைக் கூப்பிட்டது.

சாந்தியும் குழந்தையும் வந்து இறங்கிய அன்று ஹீத்ரோவில் நீங்கள் நின்றீர்கள். தூரத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில். குழந்தைக்கு நீலக் கோட்டு ஒன்று கொண்டுவந்திருந்தீர்கள். "குளிரும்" என்ற ஒரு சொல்லோடு கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டிய நான் "தாங்க்ஸ் அண்ணை" என்றேன்.

பிறகு அமைதி காக்கிறோம் என்று ஒரு படை ஊருக்கு வந்ததும், அதோடும் சண்டை மூண்டதும், உங்களுக்குத் தெரியாததா? அப்போது சிலர், பரமநாதன் அன்றைக்கே சொன்னவன், வெளியாள் வரக் கூடாது என்று, அவன் சொன்னது சரிதான் என்றார்கள். அதுவும் நீங்கள் சொல்லாதது அண்ணை! ஏசினவர்களும் பாதியை வைத்து ஏசினார்கள், மெச்சினவர்களும் பாதியை வைத்து மெச்சினார்கள். முழுவதையும் படித்திருந்த ஒரே ஆள் நான், வடையைச் சவைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஊர்ச் சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோது, போன வருடம், இங்கே ஊர்வலம் போனோமே, நீங்கள் கடைசி வரிசைக்கும் பின்னால் தனியே வந்தீர்கள். நான் பத்து வரிசை முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். உங்களோடு நடக்க வந்திருக்கலாம், அதற்கு யாருடைய கடிதமும் தேவைப்படவில்லை. சாந்தி வந்து எட்டு வருடமாகியிருந்தது. அப்போதும் பயந்தேன்.

ஒரு தரம் கேட்டிருக்கலாமே அண்ணை? ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று ஒரே ஒரு தரம்? நீங்கள் கேட்கவில்லை என்பதால் நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அல்லது இவனிடம் கேட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டீர்களா?

இப்போது துளசியின் கதைக்கு வருகிறேன். போன சனிக்கிழமை உங்கள் படம் எடுக்கப் போனேன். அவள் உங்கள் மேசை லாச்சியிலிருந்து அந்தப் பழைய இதழை எடுத்து வைத்திருந்தாள். தமிழ் வகுப்பில் படித்த அரைகுறைத் தமிழில், எழுத்துக்கூட்டி, ஒரு கிழமையாக வாசித்திருக்கிறாள். பென்சிலால் சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தாள்.

"மாமா, அப்பா ரியலி இப்பிடித்தான் நினைச்சவரா? எங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் ஹெல்ப் பண்ணக் கூடாது எண்டு?"

"இல்லையம்மா, இல்லை."

"தமிழ் கிளாஸில பிள்ளையள் சொன்னவை, உன்ரை அப்பா துரோகி எண்டு. அதுதான் நான் பத்து வயசில நிண்டனான். அப்பாட்டை ஹோம்வேர்க் கூட எண்டு பொய் சொன்னனான்."

அவள் அந்த வகுப்பை விட்டதற்குக் காரணம் இதுதான் என்று உங்களுக்குத் தெரியுமா அண்ணை? தெரியாமலே போய்விட்டீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

"இதுக்கு இன்னொரு பாதி இருக்கு" என்றேன்.

அவள் முகம் அப்படியே வெளித்தது. "எங்கை மாமா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் இரண்டாம் தரமும் சொன்னேன் அண்ணை. "துலைஞ்சு போச்சு பிள்ளை. கன காலம்."

"இட்ஸ் ஓகே மாமா" என்றாள். இதழை மடித்து லாச்சிக்குள் வைத்தாள். "அப்ப இதைப் பற்றி மலரில ஒண்டும் போட வேண்டாம். இதிலை இருக்கிறதுதான் அப்பா எண்டு நினைக்கிறன். வட் எவர், அவர் என்ரை அப்பா."

கிங்ஸ்பரி ஸ்டேஷனுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இரண்டு ரயிலை விட்டுவிட்டு வாங்கிலில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து, சாந்தி கொழும்பிலிருந்து கொண்டுவந்த பெரிய சூட்கேஸை இறக்கினேன். அதன் அடித்துணிக்குள் ஒளித்துத் தைத்திருந்தேன், தையலைக் கிழித்து ஏழு தாளையும் எடுத்தேன். மசாலாத்தூள் வாசம் இன்னும் போகவில்லை. சாந்தி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நானும் பிள்ளையும் இஞ்ச வந்தது அந்தப் பொய்யிலயே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அலுமாரியைத் திறந்து, பிள்ளைக்கு எப்போதோ சிறிதாகிப்போன அந்த நீலக் கோட்டை எடுத்து மேசையில் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

நான் உட்கார்ந்து வாசித்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முழுதாக வாசித்தேன். எட்டாம் தாளில் நீங்கள் இப்படித் தொடங்குகிறீர்கள்:

"இவ்வளவு நேரமும் அவர்கள் வாயால் பேசினேன். இனி என் வாயால் பேசுகிறேன். அவர்கள் பிழை விட்டார்கள். அவர்களுக்குள் யூதரை வெறுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களுக்காக நான் பரிந்து பேச வரவில்லை. மிச்சப் பேரைப் பற்றித்தான் கேட்கிறேன். நல்ல மனிதர், தன் பிள்ளையை நேசித்த மனிதர், அந்த நேசத்துக்காகவே அடுத்தவன் வீட்டுக் கதவைப் பார்க்காமல் இருந்தார். எனக்குப் பயம் தருவது இதுதான்."

பிறகு ஹெலனின் கதை வருகிறது. பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நம் ஹெலன்தான். முதலாம் யுத்தத்தில் நெஞ்சு பழுதாகி வந்த தகப்பன் இருமி இருமிச் செத்ததைப் பார்த்த பிள்ளை. பதினேழு வயதில் சட்டையில் இயக்கத்தின் சின்னத்தைக் குத்திக்கொண்டு, யுத்தம் வேண்டாம் என்று ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கியவர். அமெரிக்காவின் கப்பல்கள் மீதே குண்டு விழுந்த பிறகு அந்த இயக்கம் சில நாளில் கலைந்துபோனது. பயிற்சிக்கு வந்த ஓர் ஆங்கிலேய விமானப்படைப் பையனைக் கட்டிக்கொண்டு, சண்டை முடிந்து இலண்டனுக்கு வந்தார். அந்த வீட்டில் மாமியார் குண்டுக்கு ஒரு மகளைக் கொடுத்திருந்தார். ஒரு நாள் கோப்பை கழுவும்போது மாமியார் கேட்டாராம், அந்தக் குளிர்காலம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் பிள்ளை என்று. "பள்ளிக்கூடம் போனேன்" என்றாராம் இவர். மாமியார் சாகும்வரை ஒரே குசினியில் நின்றும் மிச்சத்தைச் சொல்லவில்லையாம்.

கடைசித் தாளில் எழுதியிருக்கிறீர்கள்: "அவர் என்னிடம் இதைச் சொல்லி அழுதார். யுத்தத்துக்கு வராதது ஒரு பிழை. வந்து சேர்ந்த பிறகும் வாயைத் திறக்காதது இன்னொரு பிழை. முதலாவதற்கு ஒரு நாட்டோடு சேர்ந்து அழலாம். இரண்டாவதற்குத் தனியேதான் அழ வேண்டும்."

நீங்கள் இதை எழுதியபோது என்னை நினைத்திருக்க வழியில்லை. நான் அப்போது ஒன்றும் செய்திருக்கவில்லை. இருந்தும் அந்த வரியில் நான்தான் இருக்கிறேன் அண்ணை. எங்களுக்காக வராத உலகத்தைத் திட்டித் திட்டிப் பக்கம் பக்கமாக அடித்தவன், ஒரு குட்டிக் கதிரையிலிருந்து எழும்பி உங்களுக்காக வரவில்லை.

நான் என்ன செய்வேன்? இதைத் துளசியிடம் தனியே கொடுத்துக் கையைப் பிடித்து அழலாம். அவள் "இட்ஸ் ஓகே மாமா" என்று சொல்லிவிடுவாள். அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தெம்பில்லை. உங்களைப் பழித்தது ஒரு மண்டபம் நிறைந்த சனம், அத்தனை பேர் முன்னால்தான் இதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்தக் கடிதத்தை மலரில் போடுகிறேன். நாளைக்கு இதையும் அந்த ஏழு தாளையும் எடுத்துக்கொண்டு கிங்ஸ்பரிக்குப் போவேன். துளசி முதலில் வாசிக்கட்டும். அவள் எவ்வளவு நேரம் எடுத்து எழுத்துக்கூட்டினாலும் வாசல்படியில் நிற்பேன். இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வேன். மாமா என்ற சொல்லை அவள் எடுத்துவிட்டால் அதற்கு எனக்கு வழக்காட உரிமை இல்லை.

ஒன்றை உங்களுக்குச் சத்தியம் பண்ணுகிறேன். உங்கள் பதினான்கு தாளும் இந்தக் கடிதத்துக்குப் பின்னால் முழுதாக வரும். ஒரு வரி வெட்டமாட்டேன். இடம் போதாவிட்டால் நன்றி நவிலலைத் தூக்குவேன், என் பெயரைத் தூக்குவேன். முப்பத்தோராம் நாள் மண்டப வாசலில் நின்று வருகிறவர்கள் கையில் நானே கொடுப்பேன். சங்கத்தார் எல்லாருக்கும் தலைவருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன். தலைவர் வருவார், அவருக்கும் வயது போய்விட்டது. புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலமும் இது ஆரிட்டை இருந்தது என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் நான் சொல்வேன், எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன்.

"என்னட்டை இருந்தது."

ஒன்பது வருடமாக நீங்கள் காட்டிக்கொடுக்காத தம்பி,
குகன்